சொளகளவு, பச்சை வெளிச்சம், சத்தமில்லை

சேசு மரி சூசை

மூங்கில்காட்டுத் தோட்டம்,
கீழ்க்கணக்கு, றொசல்ல.
1961 ஜனவரி 20

கந்தப்பளையில் நாலு பேர் மதிக்க வாழ்ந்துவரும் சம்பந்தி திரு. செபஸ்தியாம்பிள்ளை அவர்களுக்கு, மூங்கில்காட்டிலிருந்து வியாகுலம் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே என் இடது முழங்கால் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமும் எல்லோரும் சுகம். அங்கே தாங்களும், தங்கள் வீட்டம்மா தங்கச்சி தெரேசாவும், போன மாதம் சளி பிடித்திருந்த பசுமாடும் பூரண சுகத்தோடு இருக்கவேண்டும் என்று தினமும் ஒரு அருள்நிறை மந்திரம் கூடுதலாகச் சொல்லிவருகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. கூடவே மடித்து வைத்திருந்த பேப்பர்த் துண்டும் கிடைத்தது. ‘றொசல்லைக்கு மேலே பறக்கும் தட்டு, கொழும்பு அதிகாரிகள் தீவிர விசாரணை’ என்று போட்டிருந்ததில் ‘தீப்பிழம்பு’ என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தீர்கள். ஆகாயத்திலிருந்து நெருப்பு விழுந்த தோட்டத்தில் பெண்ணெடுப்பது நல்லதற்கில்லை என்று தங்கச்சி தெரேசா சொல்வதாகவும், பெரிய நோன்புக்கு முன்னால் வைத்திருந்த கல்யாணத்தைப் பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். அதைச் சத்தம் போட்டு வாசித்தது என் தப்பு. என் பெஞ்சாதி இசபெல் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகள் பெற்றீசியா கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனவள் அன்றைக்கு அரைக் கூடைகூட எடுக்கவில்லை. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா மச்சான்? என் தம்பி மகளுக்கும் டிக்கோயாவில் ஒரு இடத்தில் இப்படித்தான் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர்கள் இன்னமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவளும் இன்னமும் கூடையோடுதான் இருக்கிறாள்.

ஆகவே தோட்டத்துக்கு வெளியே நான் யாரிடமும் சொல்லாத உண்மையைத் தங்களுக்கு மட்டும் எழுதப்போகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். வாசித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள். கல்யாணத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஏனென்றால் ஆகாயத்தில் பறந்தது தட்டும் இல்லை, முட்டியும் இல்லை. அது தங்கள் மகன் லோரன்ஸ் கட்டிய நட்சத்திரக் கூடு.

பரிசம் போட்ட அன்றைக்கு நான் எல்லோர் முன்னாலும் ஒரு சட்டம் போட்டது தங்களுக்கு ஞாபகம் இருக்கும். இனிமேல் கோயிலில் கைப்பிடிக்கும் வரைக்கும் மாப்பிள்ளை கீழ்க்கணக்கு லயத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று சொன்னேன். தாங்கள் தலையாட்டினீர்கள். லோரன்சும் தலையாட்டினான். தாய்மாமன் வீட்டில் தங்கி, தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் தேயிலைக் கவ்வாத்து வெட்டுகிற பையன், சொன்னதை மீறாமல் மேலேயே கிடந்தான், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு நாலைந்து நாள் இருக்கும்போது பையன் மூங்கிலைச் சீவி, பச்சைத் தாள் ஒட்டி, ஆள் உயரத்துக்கு ஒரு நட்சத்திரக் கூடு கட்டியிருக்கிறான். கட்டியதை எங்கள் வீட்டு வாசலில் தொங்கவிட ஆசை. கொண்டுவந்து கொடுக்க வழியில்லை, மாமா சட்டம் போட்டிருக்கிறார். அப்போதுதான் அவனுக்குக் கொழுந்துக் கம்பி கண்ணில் பட்டிருக்கிறது.

கொழுந்துக் கம்பி என்றால் தங்கள் தோட்டத்திலும் முன்னே இருந்ததுதான். மேல்கணக்கில் எடுக்கிற கொழுந்தைச் சாக்கில் கட்டி, கொக்கியில் மாட்டி, பள்ளத்தைத் தாண்டிக் கீழே தேயிலை ஸ்டோருக்கு அந்தரத்திலேயே இறக்குகிற இரும்புக் கம்பி. லொறி ரோட்டு வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. கம்பி துருப்பிடித்துவிட்டது, எவன் தலையிலாவது விழும், கழற்று என்று துரை உத்தரவு போட்டார். கம்பியைத் தொட்டவனைப் பத்துச்சீட்டு கொடுத்து வேலையைவிட்டு நிறுத்துவேன் என்றும் சொன்னார். வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கையா முத்துலிங்கம் கழற்றியாச்சு என்று போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் கழற்றவில்லை. அது தோட்டத்துக்கே தெரியும், துரைக்கு மட்டும் தெரியாது. மரத்துக்கும் மூடுபனிக்கும் நடுவில் அது அவர் கண்ணில் படவும் இல்லை.

சாயந்திரம் கொழுந்து நிறுத்து முடித்து எல்லோரும் லயத்துக்குத் திரும்புகிற நேரம். பனி கீழே இறங்கி எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. பையன் கூட்டுக்குள் மெழுகுதிரியைக் கொளுத்தி, கொக்கியில் மாட்டி, சிலுவை அடையாளம் போட்டுத் தள்ளிவிட்டிருக்கிறான். கீழே ஸ்டோர்ப் பக்கத்தில் பெற்றீசியா காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இதை அவர்கள் எப்படிப் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை, தாங்களும் கேட்காதீர்கள். கூடு அசைந்து அசைந்து வந்து, சரியாகத் துரை பங்களாவுக்கு நேர் எதிரே, பள்ளத்துக்கு நடுவில், கம்பி தொய்ந்திருந்த இடத்தில் நின்றுவிட்டது. பனிக்குள்ளே கம்பியும் தெரியவில்லை, கூடும் தெரியவில்லை, பச்சை வெளிச்சம் மட்டும் ஆகாயத்தில் நிற்கிறது. வராந்தாவில் கிளாசும் கையுமாக உட்கார்ந்திருந்த துரை எழுந்து நின்றுவிட்டாராம். துரைசானி கத்தின கத்தலில் பங்களா நாய் கட்டிலுக்குக் கீழே போனது மறுநாள் காலைதான் வெளியே வந்ததாம். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது. கூடு திடீரென்று நகர்ந்தது, மெழுகுதிரி சாய்ந்தது, தாள் பிடித்துக்கொண்டு குப்பென்று எரிந்து அணைந்துபோனது, மிச்சக்கூடு அந்தக் காற்றிலேயே ஸ்டோர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தது. தாங்கள் சிவப்புக் கோடு போட்ட தீப்பிழம்பு அதுதான் மச்சான்.

அன்றைக்கு விளக்கு வைக்கும்போது பெற்றீசியா கம்பளிக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். பார்த்தால் எரிந்து பாதியாகிப்போன மூங்கில் நட்சத்திரம், கொக்கியோடு. எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. மறுநாள் விடிந்ததும் இந்த முழங்காலோடு மேல்கணக்குக்கு ஏறிப் போனேன்.

“ஏண்டா, ஒனக்குப் புத்தி இருக்கா? நான் வரக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“நான் வரலையே மாமா. கூட்டத்தானே அனுப்பினேன்.”

“கம்பியத் தொட்டா பத்துச்சீட்டுன்னு தொரை சொன்னது தெரியாதா?”

“தெரியும் மாமா. ஆனா கம்பியத்தான் கழட்டியாச்சே. இல்லாத கம்பியத் தொட்டேன்னு எப்படி மாமா சொல்லுவாங்க?”

இந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு அவனை அடிக்கக் கை வரவில்லை. பிழைத்துக்கொள்வான் என்று தோன்றியது. ஆனாலும் இறங்கி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். பத்துச்சீட்டு கொடுத்தால் வேலை போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பரா போகும், பேரை வெட்டிவிடுவார்கள். வீடு இல்லாத மாப்பிள்ளைக்கு எப்படிப் பெண்ணைக் கொடுப்பது? எந்தத் தோட்டத்திலும் பேர் இல்லாதவன் இந்த நாட்டில் இடைவிடாமல் வசித்தேன் என்று எந்த ஆபீசரிடம் போய்ச் சொல்வான்? நாம் எழுதிப்போட்டுப் பத்து வருஷமாகியும் பிரஜாவுரிமை வரவில்லை, இதில் இது வேறா என்று நினைத்துக்கொண்டேன்.

துரை இதைக் காற்றோடு விட்டிருந்தால் இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் சண்டைக்காலத்தில் ஆகாயக்கப்பல் ஓட்டின மனுஷன். ரஷ்யாக்காரன் நாயை மேலே அனுப்பி உயிரோடு திருப்பியும் கொண்டுவந்துவிட்டான் என்று பேப்பரில் வந்ததிலிருந்து, ராவானால் வானத்தைப் பார்ப்பதுதான் அவருக்கு வேலை. உடனே கொழும்புக்குப் போன் பண்ணிவிட்டார். ஆகாயத்தில் என்ன பறக்கிறது என்று விசாரிக்கிற ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வருகிறார், நேரில் கண்டவர்களையெல்லாம் கேட்கப்போகிறார் என்று காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது சொன்னார்கள். அதைக் கேட்டதும் கண்டாக்கையாவுக்கு முகத்தில் ரத்தம் இல்லை. நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“வியாகுலம், கம்பிய அந்த மனுசன் பாத்தான்னா ஒன் மருமகனுக்கு மட்டுமில்ல, எனக்கும் சீட்டுத்தான். நீதான் ஒரு வழி சொல்லணும்.”

என்னிடம் ஏன் வந்தார் என்று தாங்கள் கேட்கலாம். தோட்டத்தில் எனக்கு விசாரணை வியாகுலம் என்று பட்டப்பேர். ஸ்டோரில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து இன்றுவரை மூன்று தடவை பிரஜாவுரிமை விசாரணைக்குப் போய் வந்தவன் நான். முதல் தடவை என் ஞானஸ்நானச் சீட்டில் தண்ணீர் பட்டிருக்கிறது என்றார்கள். இரண்டாம் தடவை ஆபீசர் வரவில்லை. மூன்றாம் தடவை என்னையும் இசபெலையும் தனித்தனியாகக் கேட்டார்கள். உன் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றார்கள். நான் கிழக்கு என்றேன். அவள் வேலாயி வீட்டுப் பக்கம் என்றாள். வேலாயி வீடு கிழக்கேதான் இருக்கிறது மச்சான்! சொன்னால் கேட்டார்களா? சாட்சியில் முரண்பாடு என்று எழுதிக் கட்டி வைத்துவிட்டார்கள். அன்றைக்கு நான் ஒரு பாடம் படித்தேன். ஆபீசர் முன்னால் உண்மை சொன்னால் போதாது, எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். அதிலிருந்து யாருக்கு விசாரணைச் சீட்டு வந்தாலும் என்னிடம்தான் வந்து ஒத்திகை பார்த்துவிட்டுப் போவார்கள்.

முதல் வேலையாக, துரை அட்டன் கிளப்புக்குப் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கண்டாக்கையா ஆட்களை வைத்துக் கம்பியைக் கழற்றினார். கழற்றினதை எங்கே ஒளிப்பது? பள்ளத்தில் போட்டால் கண்ணில் படும், புதைத்தால் மண் புதுசாகத் தெரியும். கடைசியில் துண்டு துண்டாக அறுத்து லயத்துக்கு லயம் துணி காயப்போடும் கொடியாகக் கட்டிவிட்டோம். பெருவிரல் தண்டி இரும்புக் கம்பியில் என் பெஞ்சாதியின் ஒற்றைச் சேலை தொங்குவதைப் பார்க்கவேண்டுமே, யானை கட்டுகிற சங்கிலியில் பூனையைக் கட்டின மாதிரி இருந்தது.

இரண்டாவது வேலை ஒத்திகை. கீழ்க்கணக்கு, மேல்கணக்கு இரண்டு பக்கத்து ஆட்களையும் கோயில் முற்றத்தில் உட்காரவைத்தேன். நடந்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும், லோரன்சைக் காட்டிக்கொடுக்க ஒருவருக்கும் மனசில்லை. கண்டதைக் கண்டபடி ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் தோண்டுவார்கள், தோண்டினால் கம்பி வரும், கம்பி வந்தால் பையன் போவான் என்று விளக்கினேன். எது சொன்னாலும் ஒரே வாய் என்று முடிவு பண்ணி, நான் முதல் பாதி சொல்ல அவர்கள் மறுபாதி சொல்ல, செபமாலை சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தேன். எவ்வளவு பெரிசு? சொளகளவு. என்ன நிறம்? பச்சை வெளிச்சம். சத்தம் கேட்டதா? சத்தமில்லை. எங்கேயிருந்து வந்தது? அட்டன் பக்கமிருந்து. எங்கே போனது? சிவனொளிபாதமலைப் பக்கம். கம்பி போகிற திசைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அதற்காகத்தான் அப்படி வைத்தேன்.

வேலாயி மட்டும் எழுந்து நின்றாள். “நான் அன்னைக்கி அடுப்படியில இருந்தேங்க. ஒண்ணுமே பாக்கலையே.”

“பாக்காதவங்கதான் சரியாச் சொல்லுவாங்க, ஒக்காரு” என்றேன்.

மூக்கன் சைவக்காரன், மாரியம்மன் கோயிலில் தப்பு அடிக்கிறவன். எங்கள் ராகத்தில் சொல்லிச் சொல்லி அவன் ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஆமென் சொல்ல ஆரம்பித்துவிட்டான். அதைத் திருத்த எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆபீசர் வந்த அன்றைக்கு நல்ல மழை. ஜீப்பு சேற்றில் புதைந்து, லயத்து ஆட்கள்தான் தள்ளிவிட்டார்கள். கண்ணாடி போட்ட சிங்களவர், சின்ன வயசு, தங்கமான மனுஷன். மொழிபெயர்த்துச் சொல்ல யாழ்ப்பாணத்து ஐயா ஒருவரும் கூட வந்தார். வெளிச்சம் தெரிந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று லயத்துப் பக்கம் வந்தவர், நனைந்த கோட்டைக் கழற்றிக் காயப்போட இடம் தேடினார். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. நேராகப் போய் எங்கள் வீட்டுக் கொடியில் போட்டார். போட்டுவிட்டுக் கம்பியை ஒரு தட்டு தட்டிப் பார்த்து, இவ்வளவு உறுதியான கொடிக்கம்பி கொழும்பில்கூடக் கிடையாது, தோட்டத்து மக்கள் சுத்தத்தில் எவ்வளவு அக்கறை என்று சிங்களத்தில் மெச்சினார். விசாரணை முடிகிறவரைக்கும் அவர் தேடி வந்த அத்தாட்சி மேலேயேதான் அவர் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கங்காணி முதல் பிள்ளைத்தாய்ச்சி வரை எல்லோரும் சொளகளவு, பச்சை வெளிச்சம், சத்தமில்லை. எங்கே போனது என்று கேட்டால் எல்லாக் கையும் ஒரே மலையைக் காட்டுகிறது. வேலாயி உள்ளே போனவள், சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகை வந்துவிட்டது. இப்போது அவள் தான் உண்மையாகவே பார்த்ததாகச் சாதிக்கிறாள். அடுப்படிப் புகைக்கூண்டு வழியாகத் தெரிந்ததாம். மூக்கன் முறை வந்தபோதுதான் எனக்கு வேர்த்தது. அவனும் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கிறவன். மேசை, நாற்காலி, ஆபீசர் என்று பார்த்ததுமே அவனுக்குப் பழைய ஒத்திகை ஞாபகம் வந்துவிட்டது.

“நீர் கண்ட அந்தச் சாமான் எங்கயிருந்து வந்தது?” என்றார் யாழ்ப்பாணத்து ஐயா.

மூக்கன் கை கட்டி நின்று மூச்சு விடாமல் சொன்னான்: “அது இங்கதாங்க சாமி பொறந்துச்சு. அதோட அப்பனும் இங்கதான் பொறந்தாரு. இந்தியாவுக்கு ஒரு தடவகூடப் போனதில்லைங்க. சொளகளவு, பச்ச வெளிச்சம், சத்தமில்ல. ஆமென்.”

யாழ்ப்பாணத்து ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, இந்த ஆள் பயந்துபோயிருக்கிறார், கண்ட காட்சி அப்படி என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். அந்தப் புண்ணியவானுக்கு ஆண்டவர் நிறைந்த ஆயுசைக் கொடுக்கட்டும்.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எவ்வளவு காலமாக இந்தத் தோட்டத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டார் ஆபீசர். அதையும் சொன்னேன். என் அப்பா திருச்சிப் பக்கமிருந்து நடந்து வந்தது, நான் இந்தத் தோட்டத்து மேல்கணக்கு லயத்தில் பிறந்தது, மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கினது, ஒரு நாள்கூடக் கடல் தாண்டாதது எல்லாம் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். ஞானஸ்நானச் சீட்டு எங்கே என்று கேட்கவில்லை. கதவு எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. எழுதி முடித்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மச்சான், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்றாலும் இதுவரை எந்த ஆபீசரும் என் கையைப் பிடித்ததில்லை. பெருவிரலை மட்டும்தான் பிடித்திருக்கிறார்கள், மையில் தோய்க்க.

அவர் துரையிடம் சொன்னதை யாழ்ப்பாணத்து ஐயா எங்களுக்கும் சொன்னார். “ஐயா சொல்லுறார், இவ்வளவு காலமாய் இலங்கை முழுக்கச் சுத்தி விசாரிக்கிறன், ரெண்டு பேர் ஒரே மாதிரிச் சொல்லி நான் கேட்டதில்லை. இஞ்ச ஒரு தோட்டமே ஒரே வாயாலை சொல்லுது. பொய்யெண்டால் இப்பிடிப் பொருந்தாது எண்டுறார்.” கண்டாக்கையா அப்போதுதான் மூச்சு விட்டார். லோரன்ஸ் பின்வரிசையில் நின்று தலையைக் குனிந்துகொண்டான். ஆபீசர் அவனையும் கேட்டார். அவனும் சொளகளவு என்றுதான் சொன்னான், ஆனால் ஆள் உயரத்துக்குக் கட்டின கூட்டை அரிசி புடைக்கிற சொளகளவு என்று சொல்லும்போது பையனுக்கு ரோசம் வந்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது தங்களுக்குத் தெரிந்ததுதான். பேப்பரில் வந்தது. அட்டனிலிருந்தும் டிக்கோயாவிலிருந்தும் பஸ் ஏறி ஆட்கள் பார்க்க வருகிறார்கள். பள்ளத்து ஓரத்தில் ஒருவன் வடைக்கடை போட்டிருக்கிறான். வேலாயி தினமும் சாயந்திரம் அந்த இடத்தைக் காட்டி விவரம் சொல்கிறாள், ஒவ்வொரு நாளும் ஒரு எழுத்து மாறாமல்.

வேடிக்கையாகத்தான் இதுவரை எழுதினேன். ஆனால் ராத்திரி படுத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை மச்சான். நான் இந்த மண்ணில் பிறந்தேன் என்று மூன்று தடவை சத்தியம் பண்ணிச் சொன்னேன். நம்பவில்லை. ஆகாயத்தில் பச்சைத் தட்டு பறந்தது என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். அப்படியே நம்பிவிட்டார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒன்றை அவ்வளவு மரியாதையாக விசாரிக்கிறார்கள். எங்கிருந்து வந்தேன் என்று நானே சொல்கிறேன், என்னை விசாரிக்கிற விதம் வேறு. எனக்கு அந்த நல்ல ஆபீசர் மேல் கோபமில்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. இதை இசபெலிடம் சொன்னால் அவள் அழுவாள், அதனால் தங்களிடம் சொல்கிறேன்.

ஆகவே மச்சான், ஆகாயத்திலிருந்து கெட்ட சகுனம் ஒன்றும் இறங்கவில்லை. தங்கள் மகனுக்கு என் மகள் மேலுள்ள பிரியம்தான் இறங்கி வந்தது, வழியில் கொஞ்சம் தீப்பிடித்துவிட்டது. இப்படி ஒரு மூங்கில் வேலைக்காரனை நான் பார்த்ததில்லை, கருகின கூட்டைக்கூட இன்னும் எறியாமல் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். தங்கச்சி தெரேசாவிடம் விஷயத்தை மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். பிறகு வேறு யாரிடமும் மூச்சு விடாதீர்கள், துரை காதுக்குப் போனால் பையனுக்குப் பத்துச்சீட்டு நிச்சயம். கல்யாணம் சொன்ன நாளிலேயே நடக்கட்டும். சாமியாரிடம் நாள் வாங்கியாயிற்று, ஆட்டுக்கும் சொல்லி வைத்தாயிற்று, பெற்றீசியா கல்யாணச் சேலையைத் தினமும் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்து மடித்து வைக்கிறாள்.

தங்கள் வீட்டில் சிறிசு முதல் பெரிசு வரை எல்லோருக்கும் என் ஆசீரும் வணக்கமும், யார் யாருக்கு எது பொருத்தமோ அது. பரிசுத்த திருக்குடும்பம் தங்கள் குடும்பத்தை மழையிலிருந்தும் அட்டைக்கடியிலிருந்தும் பேப்பர்க்காரர்களிடமிருந்தும் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
வியாகுலம்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது கண்டாக்கையா ஓடி வந்தார். அந்த ஆகாயத்து ஆபீசர் கொழும்பிலிருந்து துரைக்கு நன்றிக் கடிதம் எழுதி, சாட்சி சொன்ன ஒவ்வொருவருக்கும் அரசாங்க முத்திரை குத்தின நற்சாட்சிப் பத்திரம் ஒன்றும் அனுப்பியிருக்கிறாராம். என்னுடையதைக் கண்டாக்கையா வாசித்துக் காட்டினார். ‘இவர் இத்தோட்டத்தில் பிறந்து, பிறந்த நாள் முதல் இடைவிடாது இங்கேயே வசித்துவருபவர், சொல் மாறாதவர், இவருடைய வாக்கை முழுமையாக நம்பலாம்’ என்று இருக்கிறது. மூன்று விசாரணையில் கிடைக்காத வாசகம் மச்சான், முத்திரையோடு! கல்யாணத்துக்கு மறுநாள் எனக்கு நாலாவது விசாரணை வைத்து இன்றைக்குத்தான் சீட்டும் வந்திருக்கிறது. இந்தப் பத்திரத்தை அந்த மேசையில் வைக்கப்போகிறேன். ஆனால் தட்டு பொய் என்றால் பத்திரமும் பொய், நான் பிறந்ததும் பொய்.

ஆகையால் மேலே எழுதியது எதையும் நம்பாதீர்கள். ஆகாயத்தில் பறந்தது தட்டுத்தான், நானே கண்ணால் பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் கம்பி என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. லோரன்சுக்கு மூங்கில் பிளக்கவே தெரியாது. வேறு கடிதம் எழுதலாம்தான், ஆனால் தபால் கொண்டுபோகிறவர் வாசலில் நின்று கத்துகிறார். தங்கள் பக்கத்து ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள், ஒத்திகை பார்க்க வேண்டும். யார் வந்து எதைக் கேட்டாலும் தங்கச்சி தெரேசா உட்பட எல்லோரும் சொல்ல வேண்டியது இதுதான்: சொளகளவு. பச்சை வெளிச்சம். சத்தமில்லை. வியாகுலம் வீட்டுக் கதவு கிழக்கு.